துணி மெஷினுக்கு எதிரே

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத கதவொன்றை இழுத்துச் சாத்துகிறாள் தனலெட்சுமி. முழங்கை எதிலும் இடிக்கவில்லை. எழுந்திருக்கிறாள். வலது கை சுவரில் இல்லாத கம்பியைத் தேடுகிறது. “கம்பி இன்னும் கொஞ்சம் கீழ வரணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி மறுபடியும் உட்காருகிறாள்.

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் கூலாய் ஊரில், தாமான் குடியிருப்பில் அவளுடைய வீட்டின் பின்புறம், ஜிங்க் தகரக் கூரைக்குக் கீழே துணி துவைக்கும் இடம் அது. ஒரு பக்கம் சமையலறைச் சுவர். எதிர்ப்பக்கம் வீட்டுக்கே ஒன்றே ஒன்றாக இருக்கும் குளியலறையின் சுவர். அந்தக் குளியலறைக்குள்ளேதான் குந்தி உட்காரும் டாய்லெட்டும் இருக்கிறது. ஒருவர் குளிக்கப் போனால் மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். துணி துவைக்கும் இடத்தை மாற்றியமைத்து இன்னொரு டாய்லெட் கட்ட வேண்டும் என்பது அவள் முடிவு.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அவளுடைய அண்ணன் செல்வா. லாயாங் லாயாங் ஊரிலிருந்து காலையிலேயே கார் எடுத்து வந்துவிட்டார். “அண்ணே, நீ உட்காரு. நீதான் பெரிய உடம்பு” என்கிறாள் தங்கை. அவர் உட்கார்ந்து பார்க்கிறார். கூச்சமாகத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் திறந்திருக்கிறது.

எதையும் உடம்பால் செய்து பார்த்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வரும். கட்டில் வாங்கப் போனால் கடையிலேயே படுப்பாள், புரண்டும் பார்ப்பாள். செனாயில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஒருநாள் மற்ற பெண்களின் இடங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, யாருக்கு எங்கே இடுப்பு வலிக்கும் என்று சொல்லி, மேசைகளை மாற்றிப் போட வைத்தாள். இப்போது அந்த மேசை வரிசைக்கே அவள்தான் தலைவி. கோப்பிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள் எதிரில் உட்கார்ந்தால்கூட செல்வா எப்படியாவது பேச்சை இந்த மேசைக் கதைக்குக் கொண்டு வந்துவிடுவார்.

அவளிடம் கோணல்களும் உண்டு. புது டாய்லெட்டின் சுவர்கள் எங்கெங்கே வரும் என்பதை முதலில் அரிசி மாவால் தரையில் கோடு இழுத்து வைத்திருந்தாள். கோலம் போட்டுப் பழகிய கை, நூல் பிடித்ததுபோல் நேராக வந்தது. மறுநாள் கட்டட வேலைக் குத்தகைக்காரர் ரூபேந்திரன் வந்து பார்த்தபோது பாதிக் கோட்டைக் காணோம்.

“எங்கக்கா செவரு?”

“எறும்பு தின்னுருச்சு.”

“அலமாக், அய்யய்யோ. கட்டறதுக்கு முன்னாடியே இடிச்சிருச்சா?”

அன்றிலிருந்து சுண்ணாம்புக் கட்டிதான்.

துணி மெஷின் விஷயத்தில் அவள் கறார். பாதித் துணியோடு ஓட விடமாட்டாள். “அரை மெஷினுக்கு முழுத் தண்ணி விடறது பாவம்” என்பாள். மகள் பள்ளிச் சட்டை ஒன்றை மட்டும் போட்டு ஓட விட்டதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினாள். மெஷின் நிறையும்வரை துணி கூடையில் காத்திருக்க வேண்டும்.

இந்த டாய்லெட் யாருக்கு என்று கேட்டால், “பிள்ளைங்களுக்கு. காலையில அடிச்சுக்குதுங்க” என்று ஒரே பதில் சொல்வாள். கணவர் யுகேந்திரன் விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிடுபவர். “கட்டறத கட்டு லா. எனக்குக் குளிக்க எடம் விட்டா போதும்” என்று சொல்லிவிட்டார்.

உண்மையில் யாருக்கு என்பது அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவளுடைய மாமனார் சபாபதி, செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டி ஓய்ந்தவர். முட்டி இரண்டும் போய்விட்டன. குந்தி உட்கார்ந்தால் எழ முடியாது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, “நடந்துட்டு வரேம்மா” என்று கிளம்புவார். லாரிகள் ஓடும் சாலையைக் கடந்து பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போவார். அங்கே உட்காரும் டாய்லெட் இருக்கிறது. திரும்பும்போது கையில் ஒரு பேப்பர் இருக்கும். அது பிரிக்காமலேயே நாற்காலி மேல் கிடக்கும். இரவில் சோறு பாதி, தண்ணீர் ஒரு மடக்கு. பிரிக்காத பேப்பர்களை அடுக்கி வைக்கும்போதுதான், பேப்பர் வெறும் சாக்கு, அவர் போவது அந்த டாய்லெட்டுக்கு என்று தனலெட்சுமிக்கு விளங்கியது.

கூச்சம் அவருக்குப் பிறவிக் குணம். வீட்டுக் குளியலறைக்குள் சிறுநீர் கழிக்கப் போனாலும், வாளியில் குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத்தான் போவார். தன் சத்தம் வெளியே யாருக்கும் கேட்காதபடி தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். “மாமா, உங்களுக்குத்தான் கட்டறேன்” என்று மருமகள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அதன் பக்கமே வரமாட்டார்.

செல்வா வந்திருந்த அன்றே ரூபேந்திரனும் வந்து டாய்லெட்டைச் சமையலறைச் சுவரோரம் வைக்கலாம் என்றார். “குளியலறைச் செவுத்துல மெஷினுக்குக் குழாய் இருக்கு. அத ஏன் தொடணும்? என்ன, கழிவுக் குழாய் இங்கேர்ந்து அந்தக் கோடிக்குப் போகணும். அதுக்குத் தரைய ஒரு படி ஒசத்திருவோம்.”

படி என்றதும் தனலெட்சுமியின் கண் கூடத்துப் பக்கம் போய்வந்தது. மாமனார் தொலைக்காட்சிக்கு முன்னால் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஆனால் வாயில் வந்தது வேறு.

“ரூபேந்திரன், இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்தீங்களா?”

ரூபேந்திரன் எட்டிப் பார்த்தார். சமையலறையில் அதே சுவரில் சாமி மேடை, மேலே முருகன் படம், கீழே விளக்கு.

“சாமிக்கு முதுகுல டாய்லெட்டா? அடுக்குமா?”

“சாமிய அந்தப் பக்கம் மாத்திருங்களேன்.”

“நீங்க மாத்துங்க. நாள் பாத்து, அய்யர கூப்ட்டு, செலவெல்லாம் நீங்களே பாத்துக்குங்க.”

ரூபேந்திரன் சிரித்துவிட்டார். அவள் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கோடு போட்டாள். மெஷின் சமையலறைச் சுவரோரம். “துணி தொவைக்கறத சாமி பாத்தா ஒண்ணும் தப்பில்ல.” டாய்லெட் குளியலறைச் சுவரை ஒட்டி. அங்கே பழைய கழிவுக் குழாய் சுவருக்கு அந்தப் பக்கமே இருப்பதால் படி வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் கதவு திறக்க இடம் போதாது என்றார் அவர். மடக்குக் கதவு போடச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத அந்தக் கதவை மடக்கியும் காட்டினாள். அண்ணனையும் உட்கார வைத்தாள்.

வேலை நடந்த நாட்களில் மெஷின் கூடத்தில் நின்றது. சபாபதி அதன்மேல் கோப்பிக் குவளையை வைத்துக்கொண்டு, “பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா கைப்பிடிக் கம்பி?” என்று கேட்டார்.

“வழுக்கி விழுவுதுங்க மாமா. ஓட்டம் அப்படி.”

அவர் குவளையை எடுத்துக் கோப்பியைக் குடித்தார்.

முடிந்த பிறகும் இரண்டு மூன்று நாள் அவர் பெட்ரோல் ஸ்டேஷனுக்கே போய்வந்தார். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு புதியதைப் பயன்படுத்தினார்கள். பேப்பர் நாற்காலியில் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் சமையலறையில் தனலெட்சுமியின் கை ஒரு நொடி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை செல்வா காலைப் பசியாற வந்திருந்தார். சபாபதி வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். வெளியே மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்தது. கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் பின்பக்கம் நடந்தார். மடக்குக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. புது டாய்லெட்டில் வாளி கிடையாது, திறந்துவிடப் பெரிய குழாயும் கிடையாது. வீடு அமைதியாக இருந்தது. உள்ளிருந்து இருமல்கூட வரவில்லை.

“தோசை ஊத்தவா அண்ணே?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். செல்வா உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். கதவுக்கு எதிரே நின்ற மெஷினின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. மூடியைச் சாத்தினாள். தண்ணீர் அளவை முழுசுக்குத் திருப்பி வைத்து, பட்டனை அழுத்தினாள்.