ஹாமதுரு சொன்னதும் கூட்டாளி சொன்னதும்

எழுபதுகளின் கடைசியில் கூட்டாளிமார் மூன்று பேர் கண்டி பார்க்கப் போனோம். ஒருவன் கல்முனைக் கடைத்தெருவில் தையல்காரன். பஸ் நகர்ந்தால் தூங்குவான், நின்றால் பசிக்கும். மற்றவன் சிங்கள ஊர்களில் சைக்கிளில் துணி விற்றுத் திரிந்தவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் நற்பிட்டிமுனையில் வயல் செய்கிறவன். எனக்குத் தெரிந்த சிங்களம் விலை கேட்கும் அளவுதான்.

"நீ வாயத் திறக்காத மச்சான், உனக்கும் சேத்து நான் கதைக்கன்" என்று புறப்படும்போதே துணிக்காரன் சொன்னான். அப்படியே ஆயிற்று.

அந்த நாட்களில் நானும் கூடப் பிறந்த மூத்தவரான என் காக்காவும் கதைப்பதில்லை. காக்காவுக்குக் கல்முனையில் பலசரக்குக் கடை. அவருடைய வயலையும் நானே செய்து வந்தேன். ஒரு கோடைப்போகத்தில் வாய்க்கால் வற்றி, முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அவருடைய மேட்டு வயல் காய்ந்தது. என்னுடையது பள்ளம், கொஞ்சம் பச்சையாக நின்றது. காக்கா வந்து பார்த்தார். வரம்பில் நின்று நாலு பேர் கேட்க, "என்ட தண்ணியக் களவெடுத்தவன்டா நீ" என்றார். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தவன்தான். அடுத்த போகம் காக்காவின் வயலைத் துணிக்காரன் குத்தகைக்கு எடுத்தான். என்னிடம் கேட்டுத்தான் எடுத்தான். "ஆரோ செய்யிறத்துக்கு நீ செய்" என்றேன்.

நீரடித்து நீர் விலகாது என்பார்கள். சொல்லுகிறவர்களுக்குச் சுகம். பெருநாள் தொழுகையில் சலாம் கொடுக்க முகத்தைத் திருப்பினால், அந்தப் பக்கத்தில் காக்காவின் முகம் இருக்கும். அவர் கண்ணைத் தாழ்த்துவார். நானும் தாழ்த்துவேன்.

கண்டியில் புத்தர் கோயிலுக்குச் சனம் தட்டுத் தட்டாகப் பூக் கொண்டு போனது. இந்தப் பூ வாடுவதுபோல என் உடம்பும் வாடும் என்று சொல்லித்தான் வைப்பார்களாம். துணிக்காரன் விளக்கினான்.

"வாடுற பூவ என்னத்துக்குக் காசு குடுத்து வாங்குறாங்க?" என்றான் தையல்காரன்.

"நீ தைக்கிற சட்டையும் கிழியத்தானேடா போகுது. காசு வாங்காமலா தைக்காய்?"

சிரித்தோம். ஆனாலும் எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. யாராவது செத்து மய்யித்து வீட்டுக்குப் போனால் மட்டும் நாங்கள் நினைப்பதை, இவர்கள் காலையில் பூப் பறிக்கும்போதே நினைத்துக்கொள்கிறார்களே என்று பட்டது.

திரும்பும் வழியில், மகியங்கனைக்கு இப்பால் பஸ் பழுதாகி நின்றது. பக்கத்தில் ஒரு சின்ன விகாரை. அங்கிருந்த கிழட்டுப் பிக்கு, ஹாமதுரு என்பார்கள், எங்களை விறாந்தையில் இருத்தி, பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியும் கொடுக்கச் செய்தார். தையல்காரன் குடித்த கையோடு சரிந்து தூங்கிவிட்டான். அவருடைய பிச்சைப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அதில் விழுவதை இனிப்பு, புளிப்பு என்று பாராமல் உண்பாராம். அந்த முகத்தைப் பார்க்க, எனக்கு வாய் தானாகத் திறந்தது.

"கூடப் பொறந்தவன் பழி சொன்னா என்ன செய்யிற எண்டு கேளு மச்சான்."

துணிக்காரன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கேட்டான். ஹாமதுரு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்: "இஸ்ஸெல்லா கதா கரன்ன." இன்னொரு முறையும் அதையே சொன்னார்.

"என்னடா சொல்றார்?"

"இனிக் கதை செல்லாதாம். கோவம் நெருப்பாம், கிட்டப் போனவனத்தான் சுடுமாம். தள்ளி இரிக்கட்டாம்."

என் காதும் அதற்குச் சாட்சி சொன்னது. கதா என்றால் கதை. இஸ்ஸெல்லா என்றால் செல்லா. சிங்களம் தெரியாத எனக்கே விளங்குகிறதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. அந்தப் பாத்திரத்தைப் போலக் காதை நீட்டினேன், விழுந்ததை உண்டேன்.

தள்ளியே இருந்தேன். காக்காவின் மகளுக்கு நிக்காஹ் நடந்தது. அன்றைக்கு நான் வயலில் நின்றேன். மனம் கிடந்து அடித்தபோதெல்லாம், தள்ளி இரு, பெரிய மனிதர் சொன்னது என்று அதை அடக்கினேன்.

எண்பதுகளில் ஒருநாள் அம்பாறையில் நெல் விற்க வரிசையில் நின்றேன். என் மூட்டையை முன்னால் நகர்த்த, ஒரு சிங்கள விவசாயி அதைப் பிடித்துக்கொண்டு, "மம இஸ்ஸெல்லா!" என்று தன் நெஞ்சில் அடித்தார்.

"இஸ்ஸெல்லா எண்டா என்ன?"

"முதல்! நான் முதல் வந்த!" அரைத் தமிழில் சொன்னார்.

"அப்ப, இஸ்ஸெல்லா கதா கரன்ன?"

"நீங்க முதல் பேசுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். "பேசுங்க, பேசுங்க! என்ன பேச?"

வரிசையே சிரித்தது. நெல்லைப் போட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

நேரே காக்காவின் வயலுக்குப் போனேன். துணிக்காரன் வரம்பு கட்டிக்கொண்டு நின்றான்.

"ஹாமதுரு என்னடா சொன்னார்?"

"எந்த ஹாமதுரு?" என்றவன் என் முகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றினான். "நீ கேக்க ஆசப்பட்டதத்தான் மச்சான் சொன்னன்."

"காக்காக்கிட்டப் போக ஆசையில்லாதவன் கேப்பானாடா?"

துணிக்காரன் சேற்றைக் காலால் தள்ளிவிட்டு மெல்லச் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் ஒண்டாகினா இந்த வயல் ஆருக்குப் போகும்? நான் திரும்பவும் சைக்கிள் மிதிக்கவா?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையை அவ்வளவு லேசாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. கண்டியில் அவன் சொல்லித்தந்த எதையும் அதன் பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

அங்கிருந்து கடைக்குப் போய்ச் சலாம் சொன்னேன். காக்கா சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துப் போயிருந்தது. பதில் சலாம் சொல்லி, வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்.

"ஹாமதுருக்கிட்டக் கேட்டியாமே, காக்காவோட கதைக்கவா வேணாமா எண்டு? அவர் வேணாம் எண்டாராம். உன்ட கூட்டாளி அப்பவே வந்து சொல்லிட்டான். எனக்கு உசிரு போய் மௌத்தான மாதிரிப் போச்சுடா."

"பொய் காக்கா. முதல்ல கதைக்கச் சொல்லித்தான் அவர் சொன்னது. இவன் மாத்திச் சொல்லிட்டான்."

"ஆரு சாட்சி?"

தையல்காரன் தூங்கினான் என்று எப்படிச் சொல்ல? காக்கா சீனிச் சரையை நூலால் கட்டி முடித்தார்.

"அவன் எனக்கு ஒரு போகமும் நெல்லுக் குறைச்சதில்ல" என்றார். களவு என்று சொன்ன சொல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்தார்.

நான் குடித்துக்கொண்டிருக்க, காக்கா குரலைத் தணித்து, புத்தி சொல்கிறவராகச் சொன்னார்: "அவனோட கோவிச்சிக்கிட்டுத் திரியாத. நல்ல பொடியன். நீயே முதல்ல போய்க் கத."

"ஓம் காக்கா" என்றேன்.