ஒன்றை ஏழென்று படித்தேன்

செவ்வாய்க்கிழமை காலை மதாம் தொலைபேசியில் அழைத்தார்கள். மிஷேல் சாரின் மனைவியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். "செல்வி, அவரு போயிட்டாரும்மா" என்றார்கள்.

நான் உதவியாளராக இருக்கும் ஆய்வுக்கூடத்திற்கு மிஷேல் சார் முதலியார்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். பாரீசிலிருக்கும் தம்பிகள் எத்தனை கூப்பிட்டும் போகவில்லை. காரணம் கத்திரிக்காய்! மண்ணிலுள்ள ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் செடிக்குள் வைத்துவிட்டால், காயைக் குடையும் புழு அதைக் கடித்ததும் சாகும். அந்தப் புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம். "மருந்தடிச்சவன் கைய மோந்து பாத்திருக்கியா செல்வி? சோப்பு போட்டாலும் போவாது. அந்தக் கையாலதான் சோறு திங்கறான்" என்பார். எப்போதுதான் முடியும் என்று நான் கேலி செய்தால், "கத்திரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆவணும்?" என்று சிரிப்பார்.

முதலில் ஏழு தொட்டிகள் வைத்தோம். ஒன்றாம் தொட்டியின் இலையைத் தின்ற புழுக்கள் மட்டுமே செத்தன. இரண்டு முதல் ஆறு வரை முன்பே கொளுத்திவிட்டோம். "ஏழாவதுலயும் ஒன்னுமில்ல. புடுங்கிக் கொளுத்திடு" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார். தொட்டிகளை வெயிலுக்காக இடம் மாற்றியிருந்தோம். தொட்டியின் அட்டையில் அவர் பிரெஞ்சு வழக்கப்படி 1-க்கு நீளமாக மூக்கு வைப்பார். 7-க்கு நடுவில் கோடு போடுவார். கோடு போட்டதை அடித்துவிட்ட எண் என்று நினைத்தேன். மூக்கு நீண்ட ஒன்றை ஏழென்று படித்து, உயிராய் வளர்த்த செடியைக் கொளுத்தினேன். பாவி நான்.

திரும்பி வந்தவர் மிச்சமிருந்த தொட்டியின் அட்டையைப் பார்த்துவிட்டு, சாம்பலைக் கிளறினார். இயக்குநரிடம், "என் கையெழுத்துதான் சார் தப்பு" என்றார். அதன்பின் அவர் அந்த எண்ணை எழுதியதே இல்லை. எல்லா அட்டையிலும் 'ஒன்னு' என்று எழுத்தில் எழுதினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்படி இன்னொரு செடி கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் வயலில் நட்டுப் பார்க்கும் அரசு அனுமதி நின்றுபோனது. மரபணு மாற்றிய பயிரை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் எங்கெங்கோ வாதாடினார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. நான் கொளுத்தாமல் இருந்திருந்தால், அனுமதி இருந்த நாளிலேயே நட்டிருப்போம். பிறகு அவருக்குக் கல்லீரல் கெட்டது. போன வாரம் மருத்துவமனையில், "கடைத்தெருவுக்கு வருமா செல்வி?" என்று கேட்டார். "வரும் சார்" என்றேன். வராது என்று இருவருக்கும் தெரியும்.

அந்தச் செடியின் விதைகள் 'ஒன்னு' என்று அவர் எழுதிய உறையில், குளிர்பெட்டியில் பூட்டிக் கிடக்கின்றன. விதைக்கவும் கூடாது, வெளியே எடுக்கவும் கூடாது. நாலு விதையாவது அவர் கையில் வைத்து அனுப்ப ஆசைப்பட்டேன். விதி விடவில்லை.

கல்லறையில் எல்லோரும் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். விதை இல்லாத வெறும் மண்தான் சார். போய் வாருங்கள்.