கேஷ்பேக் கார்டும் ஷார்ஜாவுக்குப் போன மெசேஜும்

காலை பத்து மணி, வாசலில் நான்கு பேர், முதலில் நின்றவர் பெயர் ஸ்டெல்லா. கிரெடிட் கார்டு விற்பவனிடம் யாரும் கடன் கேட்டு வருவதில்லை. மிச்சம் பிடிக்கத்தான் வருகிறார்கள். பர்ஸில் கார்டை வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் பெருமூச்சு விடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சாவூரில் சூப்பர் மார்க்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன. தெருவுக்குச் சிலர் வளைகுடாவில் இருந்தார்கள். நான் ஒரு தனியார் வங்கிக்காக கார்டு விற்றுக்கொண்டிருந்தேன்.

எந்த கார்டு?

ஸ்டெல்லா தனியாக வரவில்லை. அவர் கையிலிருந்த செல்போனில் ஷார்ஜாவிலிருந்து கணவர் அமல்ராஜ் பேசிக்கொண்டிருந்தார். வெல்டிங் ஃபோர்மேன். கார்டுகளைப் பற்றி என்னைவிட அதிகம் விசாரித்து வைத்திருந்தார். எங்களிடம் இரண்டு வகை இருந்தன. ஒன்று, எங்கே தேய்த்தாலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் திருப்பித் தரும். மற்றது, மளிகைக்கும் மருந்துக்கும் மட்டும் நூற்றுக்கு ஐந்து தரும்; மற்றதற்கு ஒன்றுமில்லை.

அமல்ராஜ் யோசிக்கவே இல்லை. ஐந்துதான். கார்டு அவர் பெயரில், அதன்மேல் மனைவிக்கு ஒரு கூடுதல் கார்டு. "மாசா மாசம் ஒரு மூட்டை அரிசிக் காசு மிச்சம் சார்" என்றார். ஸ்டெல்லா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நாம எப்பங்க அரிசி வாங்கினோம்? வயல்லேர்ந்துதான வருது."

யூரியாவுக்கு உண்டா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஏழு ஏக்கர் சம்பா. நான் பழக்கதோஷத்தில் மளிகைக்கு ஐந்து என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு வரிசையாகக் கேட்டார். யூரியாவுக்கு உண்டா? இல்லை. நடவு ஆள் கூலிக்கு? இல்லை. டிராக்டர் வாடகைக்கு? அங்கே கார்டு தேய்க்கும் மிஷினே கிடையாது.

வேறு எதற்குத்தான் கிடைக்கும் என்றார். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் என்று இழுத்தேன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுக்கு நான் எத்தனை தடவை தம்பி குளிக்கிறது?"

வீட்டுக் காசு

ஸ்டெல்லா மறுபடி வந்தபோது மழைக்காலம். கார்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டேன். கோளாறு ஒன்றுமில்லை, நன்றாகவே வேலை செய்கிறது என்றார். அதுதான் அவருக்குச் சிக்கல்.

முன்பெல்லாம் அமல்ராஜ் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்புவார். ஸ்டெல்லா எடுத்துச் செலவு செய்வார். அதில் கொஞ்சம் ஒதுக்கி, கணவனை இழந்த அக்கா மேரிக்கும் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுத்துவந்தார். இப்போது எல்லாமே கார்டில். பில்லை அமல்ராஜ் அங்கிருந்தே கட்டிவிடுகிறார். கைக்குப் பணம் வருவதில்லை. கார்டைத் தேய்த்த மறுநிமிஷம் அவருக்கு மெசேஜ் போகிறது. தொகை கொஞ்சம் கூடினால் என்ன வாங்கினாய் என்று போன் வருகிறது; இரண்டு பாக்கெட் சத்துமாவு என்றால், ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு என்கிறார். மனிதர் சண்டை போடுகிறவரில்லை, கேட்கிறார், அவ்வளவுதான்.

கணவரிடம் நேரடியாகச் சொல்லிவிடலாமே என்றேன். மேரியின் கணவர் இறந்த வீட்டிலேயே, "இனி இதுங்க நம்ம தலையிலதான்" என்று ஸ்டெல்லாவின் மாமியார் சொன்னது மேரியின் காதில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து அமல்ராஜ் வீட்டுக் காசு என்றால் மேரி தொடுவதில்லை. ஸ்டெல்லா கொடுப்பதெல்லாம் அப்பா விட்டுப்போன பணம் என்று நம்பித்தான் வாங்கிக்கொண்டிருந்தார். அமல்ராஜுக்குத் தெரிந்தால் மேரிக்கும் தெரிந்துவிடும். "முன்னாடி கையில காசு இருந்துச்சு சார்" என்றார் ஸ்டெல்லா. "இப்ப கேஷ்பேக் இருக்கு."

சொந்தமாக ஒன்று

சம்பளமில்லாதவருக்கு கார்டு கிடையாது. ஆனால் டெபாசிட் போட்டால் அதன்பேரில் கொடுப்போம். அப்பா விட்டுப்போனது என்று ஸ்டெல்லாவிடம் உண்மையாகவே ஒரு சிறு தொகை தபால் ஆபீஸில் இருந்தது. அதை எடுத்துவந்து, பில் கட்டக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு, மீதியை டெபாசிட் போட்டார். இந்த முறை எங்கே தேய்த்தாலும் ஒன்று தரும் கார்டையே கேட்டார். அக்காவிடம் இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பதில் முகமே மாறியிருந்தது.

அவர் போனபிறகு, பக்கத்து மேஜை லீமா ரோஸ் என்னைப் பார்த்தார். "புருஷனுக்குத் தெரியாம கார்டு வாங்கறவங்க நிறையப் பேரு சார். டெபாசிட் போட்டு அக்கா பிள்ளைங்களுக்கு வாங்கறது இவங்க ஒருத்திதான்."

பள்ளிக்கூடம் திறந்த வாரம்

ஷார்ஜாவிலிருந்து அமல்ராஜ் என்னைக் கூப்பிட்டார். ஸ்டெல்லா பெயரில் வேறொரு கார்டில் ஷூக்கடையில் பணம் போனதாக அவருக்கு மெசேஜ் வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். செல்போன் எண் கேட்ட இடத்தில் ஸ்டெல்லா கணவர் நம்பரைத்தான் எழுதியிருந்தார். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் இது பழக்கம். கேஸ் இணைப்புக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் அந்த நம்பரைத்தான் கொடுப்பார்கள். கை தானாக எழுதிவிடும்.

வீட்டுக்குப் போன் செய்து கேட்டுவிட்டாராம். ஸ்டெல்லா அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அமல்ராஜுக்குக் கோபமில்லை, வருத்தம்தான். "என்கிட்ட சொன்னா வேண்டாம்னா சொல்லுவேன்? பில்லு எவ்வளவுன்னு சொல்லுங்க சார், நானே கட்டிடறேன்." கட்டியும்விட்டார்.

கடைசியாக வந்தபோது

அடுத்த வாரம் ஸ்டெல்லா வந்து இரண்டாவது கார்டை மேஜைமேல் வைத்தார். மூடிவிடச் சொன்னார். பில்லைக் கட்டியதோடு அமல்ராஜ் நிற்கவில்லை. நல்ல மனதோடு மேரிக்கும் போன் செய்திருக்கிறார். நானே கட்டிவிட்டேன், சங்கடப்படாதீர்கள், இனி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பணம் உங்கள் அப்பாவுடையதுதான் என்று நான் மேரியிடம் வந்து சொல்லட்டுமா என்று கேட்டேன். ஸ்டெல்லா வேண்டாமென்று தலையாட்டினார். "கட்டினது எங்க வீட்டுக்காரர்தானே சார். அக்கா ஷூவைக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டா. உள்ள வான்னேன், வரல. பிள்ளைங்க செருப்போடதான் பள்ளிக்கூடம் போவுதுங்க."

கார்டை அன்றே மூடினோம். அடுத்த மாதம் பத்தாம் தேதி, அந்த இரண்டு ஜோடி ஷூக்களுக்கான கேஷ்பேக் ஸ்டெல்லாவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.