ஹஸ்கிக்குப் போட்ட மொட்டை

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. விருப்ப ஓய்வு வாங்கி வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் இது முற்றிவிட்டது. திருநகரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் கேட்டுக்கும் நான் நடக்கிற நடையைப் பார்த்து மனைவிக்குத் தலை சுற்றியது. "காலுல சக்கரம் கட்டுன மாதிரி ஏன் இந்த அலைச்சல்? ஒரு நாய வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் வெளிய ஓடுங்க" என்றாள். எரிச்சலில் சொன்னதை நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

ஆனையூர் தாண்டி இருந்த விலங்குகள் காப்பகத்துக்கு நாட்டு நாய்க்குட்டி எடுக்கத்தான் போனேன். அங்கே ஒன்றரை வயது ஹஸ்கி இன நாய் ஒன்று, கூண்டுக்குள் நாலு எட்டு அங்கே, நாலு எட்டு இங்கே என்று நடந்துகொண்டிருந்தது. ஒரு கண் நீலம், ஒரு கண் பழுப்பு. காப்பகம் நடத்தும் அம்மா பதிவேட்டைப் புரட்டினார்.

"மூணு வீட்ல திருப்பி விட்டுட்டாங்க சார். அடங்க மாட்டேங்குதாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இதென்ன ஜவுளிக்கடைச் சட்டையா, அளவு சேரலைன்னு திருப்பிக் குடுக்க?"

அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் முதல் நாள் இப்படித்தான் பேசுறாங்க. ஒரு மாசம் வச்சிருங்க. நான் வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்."

நாலாவது ஆள் நானாக இருக்க மாட்டேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இல்லை. மிக்ஸி ஓடினால் கூடவே ஊளை. மனைவி ஆசையாக வளர்த்த செம்பருத்தியை வேரோடு தோண்டிப் போட்டது. சுவரேறிக் குதித்து என்னைக் கைலியோடு தெருத்தெருவாக ஓடவிட்டது. விடியுமுன் கண்மாய்க்கரையில் அதுதான் என்னை இழுத்துக்கொண்டு போகும். மனைவி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னும் பத்து நாள். அந்தம்மா வந்ததும் கையோட அனுப்பிருங்க." நானோ அவ்வளவு சந்தோஷமாக மூச்சு வாங்கியதே இல்லை.

கோடை வெயில் ஏறியது. தெருவே எனக்கு யோசனை சொன்னது. "பனி நாட்டு நாய்ண்ணே, இம்புட்டு முடியோட எப்படித் தாங்கும்? மொட்டை போட்டு விட்டுருங்க." மருத்துவரைக் கேட்டிருக்கலாம். அந்தப் பொறுமை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? டிரிம்மர் வாங்கி வந்து நானே முதுகை மழித்தேன். அன்றைக்குத்தான் அது முதல்முறையாக அசையாமல் நின்றது. என்னை நம்பி நின்றது.

நாலே நாளில் முதுகு சிவந்து தோல் உரிந்தது. மருத்துவர் மருந்தும் கொடுத்தார், திட்டும் கொடுத்தார். "அந்த முடிதான் சார் அதுக்குக் குடை. குடையைப் பிடுங்கிட்டு வெயில்ல விட்டிருக்கீங்க." நாய் கட்டிலுக்கடியில் படுத்தது. மிக்ஸி ஓடினாலும் சத்தமில்லை. ஹாலுக்கும் கேட்டுக்கும் நான் மட்டும் நடந்தேன்.

மாதம் முடிந்து காப்பகத்து அம்மா வந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து முதுகைப் பார்த்தார். கழுத்தில் வாரை மாட்டி நாயை வாசலுக்கு நடத்தினார். திருப்பிக் கொடுத்த மூன்று பேரும் அதைக் காயப்படுத்தவில்லை. நான்தான் காயப்படுத்தியிருந்தேன்.

அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்த மனைவி நேராகப் போய் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"இந்த மனுசன் பண்ணுனது தப்புதான். திட்டுங்க, நானும் சேந்து திட்டுறேன். ஆனா நோவோட கெடக்குற புள்ளய யாராச்சும் வீட்ட விட்டு அனுப்புவாங்களா? முடி வளரட்டும், பேசிக்கலாம்."

"முடி வளர ஒரு வருசம்கூட ஆகும்மா."

"ஆகட்டும்."

அந்த அம்மா வாரை மனைவி கையில் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை, அது நியாயம்தான்.

மனைவி தன் பழைய நூல் சேலையைக் கிழித்து அதற்கு ஒரு சட்டை தைத்தாள். மருந்தும் அவளே போட்டாள். நாய் கஞ்சி குடித்தது, படுத்தது. நான் நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் வாசலிலிருந்து அவள் கத்தினாள். "ஏங்க! ஓடி வாங்க!"

பதறிக்கொண்டு ஓடினேன். புதிதாக நட்ட செம்பருத்தி வேரோடு கிடந்தது. சேலைச் சட்டையெல்லாம் மண்ணாக, நாய் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது.

"தோண்டிருச்சுங்க" என்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.