சர்க்கரைக்கொல்லி

எனக்குச் சர்க்கரை வியாதி என்று சைகோனில் பிரெஞ்சு டாக்டர் சொன்ன மாதத்தில்தான் என் மனைவியும் காய்ச்சலில் படுத்தாள். நான் துறைமுக பியூரோவில் குமாஸ்தா. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. மூன்று வாரத்தில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆனால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உலை வைக்க மறந்தாள். காரைக்காலில் நாங்கள் இருந்த தெருவின் பெயர் அவளுக்கு நினைவு வரவில்லை. அவளுடைய சித்தி புத்தி பேதலித்துச் செத்தவள். தனக்கும் அதுதானோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது.

தனக்குத் தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டாள். ஆடி வெள்ளிக்குப் பால்பாயசம் வைப்பாள். ஒன்றும் பிசகாவிட்டால் என்னோடு இருப்பாள். பிசகினால் கப்பலேறி அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்போது நான் தினம் விடியலில் சிறுகுறிஞ்சான் இலை மென்றுகொண்டிருந்தேன். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த கிட்டங்கியில் சமைப்பவர் ஒருவர், வாய்க்கால் ஓர வேலியில் படர்ந்திருந்த கொடியைக் காட்டிக் கொடுத்திருந்தார். சர்க்கரைக்கொல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. வியாதியைக் கொல்லும் என்றுதான் நான் அர்த்தம் செய்துகொண்டேன். இனிப்பை அடியோடு விட்டிருந்ததால் அதன் இன்னொரு வேலை எனக்குத் தெரியாது. ஆடி வெள்ளியன்று பாயசம் குடிக்கப் போகிறோமே என்று, பெரிய கெட்டிக்காரன் போல, சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் நாலு இலையை மென்றேன்.

காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மாத்திரை தின்று அவளுக்கு வாயெல்லாம் கசப்பு. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கிண்ணத்தை நீட்டினாள். குடித்தேன். வெறும் பாற்கஞ்சி. பயம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சீனி போடக்கூட மறந்துட்டியா? பைத்தியம் புடிச்சுப் போச்சா உனக்கு?"

அவள் பாயசத்தைச் சட்டியோடு எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

சீனி டப்பாவைத் திறந்து பார்த்தேன். நன்றாகக் குறைந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டேன். மணல்தான். இலை என் நாக்கில் இனிப்பையே கொன்றுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஓடிப்போய்ச் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றே நினைத்தாள்.

பத்து நாளில் வாய்க் கசப்பு நீங்கியதும் அவளே ஓர் இலையை மென்று சீனியை நக்கிப் பார்த்தாள். தலையாட்டினாள். தீர்ந்தது வழக்கு என்று நிம்மதியாக பியூரோவுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது டிரங்குப் பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் இலை செய்த வேலை என்று உன் கண்ணாலேயே பார்த்தாயே என்றேன்.

"பாத்தேன். எல நாக்கைத்தான் மரக்க வச்சுது. என்னிக்காவது நான் நெசமாவே மறந்துருவேன். அன்னிக்கும் பைத்தியம்னு அதே வார்த்தையைத்தானே சொல்லுவீங்க?"

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தேன். என்னை எனக்குத் தெரியும். அந்த மாதக் கப்பலில் அவளை ஏற்றிவிட்டேன்.