நீல அடிப்பக்கத்துக்குக் காற்று

2024 நவம்பர் 16, சனிக்கிழமை. வழக்கம்போல ஆறரைக்கு எழுந்தேன். தேநீர் குடித்துவிட்டு வெளியே பார்த்தேன். நான்கு பாகைக் குளிர், மழை இல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கினேன். வெற்றுப் போத்தல்களைத் தெருமுனைத் தொட்டிகளில் நிறம் பிரித்துப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை போட்டால் அந்தச் சத்தத்துக்கு அயலவர்கள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். வாசலில் கிடந்த இலைகளைக் கூட்டி அள்ளினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தானுடன் படகை மூடப் போனேன்.

படகு எனக்கும் அக்காவின் கணவரான அத்தானுக்கும் பொது. ஜெர்மனியின் பான் நகருக்கு வெளியே, ரைன் கரையில் ஒரு வாடகை வளவில், வசந்தம் வரும்வரை மரக்கட்டைகளின்மேல் நிற்கும். போன குளிர்காலம் முடிந்து, படகை மூடியிருந்த விரிப்பை எடுத்தபோது அடிப்பக்கத்துப் பெயின்ற் முழுவதும் கொப்புளித்திருந்தது. நான்தான் அதைச் சுரண்டி, தேய்த்து, கருநீலம் பூசினேன். ஒரு வசந்தத்தின் வார இறுதிகள் எல்லாம் அதில் போயின. தோள்மூட்டு இப்போதும் இரவில் குத்துகிறது. இன்னொரு முறை என்னால் ஏலாது.

மழைத்தண்ணீர் உள்ளே போனதால்தான் கொப்புளித்தது என்பது அத்தானின் தீர்ப்பு. அதனால் இந்த முறை தடித்த பிளாஸ்டிக் விரிப்பு வாங்கியிருந்தார். அவர் வீட்டுச் சோபாவின் பிளாஸ்டிக் உறை கடையிலிருந்து வந்தபடியே இருக்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டும் பொலித்தீன் பைக்குள்தான்.

“அத்தான், கீழே கொஞ்சம் விட்டுக் கட்டுவமே? காத்துப் போகட்டும்.”

“காத்துப் போற ஓட்டையாலை தண்ணியும் போகும், தம்பி. நீர் மேலை ஏறித் தடியைப் பிடியும்.”

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என்னைத் தன் வீட்டில் வைத்திருந்தவர் அவர். அதற்குப் பிறகு அவருடன் இரண்டாவது வசனம் பேசும் பழக்கம் எனக்கு வரவில்லை. ஏறினேன். விரிப்பு தொய்யாமல் இருக்க உள்ளே நின்று தடிகளை நிறுத்தினேன். அவர் வெளியே சுற்றிச் சுற்றி வந்து, விரிப்பை அடிப்பக்கத்தோடு சேர்த்து இழுத்துக் கட்டினார். நான் ஏறிய ஏணி நின்ற இடம் மட்டும் மிச்சம். அந்த ஏணியையும் எடுத்துவிட்டு அங்கேயும் கட்டினார்.

“கயிறு காணாது. கடை பூட்ட முந்தி வாங்கிக்கொண்டு வாறன்.”

“அத்தான், நான் உள்ளுக்கை நிக்கிறன்.”

“ஓமோம், அஞ்சு நிமிஷம்.”

கார் போகும் சத்தம் கேட்டது. என் கைபேசி அந்தக் காரில் இருந்தது.

முடிச்சுகள் எல்லாம் வெளியே, படகின் வயிற்றுக்குக் கீழே. விரிப்பைக் கிழித்து இறங்கலாம். ஆனால் படகின் விளிம்பு ஆள் உயரத்துக்கு மேல். சறுக்கித்தான் இறங்க வேண்டும். சப்பாத்தும் இடுப்புப் பட்டியும் புதுப் பூச்சைக் கீறிவிடும். பெயின்றை நினைத்து உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் பால் நிறத்தில் இருந்தது. கால்கள் மரத்தன.

நாயுடன் நடந்துபோன யாரோ நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். இருக்கிறேன், எல்லாம் சரி, நன்றி என்று சொன்னேன். நல்ல வார இறுதி வாழ்த்திவிட்டுப் போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருடைய காலடிச் சத்தம் முடிந்த பிறகுதான் யோசித்தேன்.

நெற்றியில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். விரிப்பின் உட்பக்கம் முழுவதும் துளிகள். விளிம்புக்கும் விரிப்புக்கும் நடுவே கையை நுழைத்து, எட்டிய மட்டும் கீழே தடவினேன். பிளாஸ்டிக் ஒட்டியிருந்த இடமெல்லாம் பூச்சு நனைந்திருந்தது. என் மூச்சு அந்த இடத்துக்குப் போயிருக்காது. அது நிலத்து ஈரம். இப்படியே மார்ச் வரை இருந்தால் மறுபடியும் கொப்புளம், மறுபடியும் சுரண்டல்.

அத்தான் வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கடையில் தெரிந்தவர் ஒருவரைக் கண்டு கதைத்தாராம். ஒரு பக்கக் கட்டை அவிழ்த்து, ஏணியை வைத்து என்னை இறக்கினார்.

“என்ன, குளிச்சனீரோ?” என்றார் என் தலையைப் பார்த்து.

“மழை இல்லை அத்தான். உள்ளுக்கைதான் வேர்க்குது. கையை வைச்சுப் பாருங்கோ.”

அவர் கையை வைக்கவில்லை. “ஆள் உள்ளுக்கை நிண்டால் வேர்க்கும்தானே. இனி ஆள் இல்லை.”

புதுக் கயிற்றால் இன்னொரு சுற்று இறுக்கினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தேன். வளவுக் கேற்றைப் பூட்டித் திறப்பைத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். வீடு வரும்வரை அவர் கயிற்றின் தரத்தைப் பற்றிப் பேசினார். நான் ஓம் ஓம் என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

“அத்தான், கீழ்க் கட்டெல்லாம் அவிழ்க்கப் போறன். திறப்பு எடுக்க வாறன்.”

அவர் கொட்டாவி விடும் சத்தம் கேட்டது.

“பிறகு பெயின்ற் போனால்?”

“போனால் நான்தானே அடிக்கிறது.”

“திறப்பை அக்காட்டைக் குடுத்து வைக்கிறன். நான் திரும்பப் படுக்கப் போறன்,” என்றார்.