பந்தலில் வைத்த பெட்டி

என் வீட்டுக்காரர் பட்டாபிக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. படிக்கத் தெரியாத கூலியாட்கள், எந்தக் கப்பல் சரக்கு எந்தக் கொட்டகையில் என்று கேட்டுக்கேட்டு அலைவதைப் பார்த்துப் பார்த்து, அவர்களுக்காக வீட்டிலேயே ஒரு பெட்டி செய்தார். கையில் அடங்கும். திரையில் கப்பல் படத்தைத் தொட்டால் கொட்டகைப் படம் வரும். அதைத் தொட்டால் போகிற வழி வரும். ஐந்தாவதோடு நின்ற நானே யாரையும் கேட்காமல் பார்த்துவிட்டேன்.

தொண்ணூற்றெட்டு சரஸ்வதி பூஜை. டாலிகஞ்சில் எங்கள் சந்துப் பந்தலில் பிள்ளைகள் புத்தகங்களை அம்பாள் காலடியில் வைத்தார்கள். இவர் பெட்டியை வைத்தார். அவள் கொடுத்த புத்தியை அவளிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? பூஜை முடிந்ததும் சந்தே வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தது. கேட்டவர்களுக்கெல்லாம் மூடியைக் கழற்றி, உள்ளே எது எதற்கு என்று சொல்லிக் கொடுத்தார்.

மறு வருஷம்தான் யாரோ சொல்லி, காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். தங்கள் பொருளைப் பார்த்துச் செய்தது என்று ஒரு கம்பெனி ஆட்சேபித்தது. இழுத்து இழுத்து, கடைசியில் தள்ளுபடி.

"உரிமை கிடைக்காட்டா போறது வசு. திருடன்னுட்டானே!"

பிசைந்த சோறு அப்படியே இருந்தது. மேல்முறையீடு செய்தார். உண்மையைச் சொல்ல வக்கீல் எதற்கு என்று தானே பேசப் போனார். சாட்சிக்கு எதிர்வீட்டு வங்காளி மினதி மாசி. பிள்ளையில்லாத அவளுக்கு இவர்தான் பிள்ளை, நான் 'போவ்மா', அவர்கள் பாஷையில் மருமகள்.

"கோர்ட்ல பான் மெல்லக் கூடாது மாசி," என்றார் இவர்.

"போடா! ஜட்ஜுக்கும் ஒண்ணு மடிச்சு எடுத்துண்டு வரேன்."

மாசி நன்றாகவே சொன்னாள். "விண்ணப்பம் போடறதுக்கு முந்தின பூஜையிலேயே பார்த்தோம். இவன் கையால செஞ்சது. ஒளிவுமறைவே கிடையாது, எல்லாருக்கும் திறந்து காட்டினான்."

எதிர்க்கட்சி வக்கீல் பேனாவை மூடினார். அவருக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தீர்ப்பு நாளில் நீதிபதி இங்கிலீஷில் மெதுவாகத்தான் பேசினார். வெளியே வந்து இவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "நான் திருடலை, நானே செஞ்சதுன்னு ஒத்துண்டார். ஆனா விண்ணப்பத்துக்கு முன்னாடியே ஊரறியத் திறந்து காட்டிட்டா, சட்டப்படி உரிமை கிடையாதாம்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். இங்கிலீஷும் தமிழும் தெரியாத மாசி பின் சீட்டிலிருந்து அவர் தோளைத் தட்டினாள்.

"என்னடா, ஜெயிச்சோமா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஜெயிச்சோம் மாசி. நான் திருடலேன்னு ஜட்ஜே சொல்லிட்டார். உங்க வாய்வார்த்தையாலதான்."

மாசி இரண்டு கையையும் அவர் தலையில் வைத்து, "துர்கா, துர்கா" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சந்தோஷத்துல அழறியா போவ்மா?"

"ஆமா மாசி."

அன்று சாயங்காலம் சந்து முழுக்க அவள் சந்தேஷ் இனிப்பு கொடுத்தாள். முதல் துண்டை இவர் வாயில் ஊட்டினாள். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.